ஐஸ் வைக்கக் கூடாத பெட்டி

எனக்குப் பயணம் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. சிங்கப்பூரில் பிறந்து சிங்கப்பூரிலேயே வேலை பார்ப்பவள் நான். சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய்க் கீரையும் மீனும் வாங்கி வருவதே எனக்குப் பெரிய யாத்திரை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. படி ஏறினால் முட்டி இரண்டும் முறையிடுகின்றன. என்னைப் போய்த் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள்.

"தமிழ் தெரிந்தவள் நீ ஒருத்திதானே" என்றார் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி. சீனப் பெண்மணி, ஆங்கிலத்தில்தான் சொன்னார். "உனக்கு அது சொந்த ஊர் மாதிரி இருக்கும்." எனக்கும் தஞ்சாவூருக்கும் உள்ள சொந்தமெல்லாம் அரிசி மூட்டையில் அச்சடித்த பெயரோடு சரி. அதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? சரி என்று தலையாட்டிவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கிறவள். நம் ரத்தத்து வெள்ளை அணுக்களில் ஒரு வகை உண்டு. ரத்தக் குழாயின் சுவரில் படிகிற கொழுப்பை விழுங்கித் துப்புரவு செய்வது அதன் வேலை. விழுங்கினால் மட்டும் போதாது, விழுங்கியதை வெளியே அனுப்பவும் வேண்டும். அதற்கென்று செல்லின் தோலில் ஒரு கதவு இருக்கிறது. அது திறந்தால் கொலஸ்ட்ரால் வெளியே வந்து, "நல்ல கொலஸ்ட்ரால்" என்கிறார்களே, அந்த வண்டியில் ஏறிக் கல்லீரலுக்குப் போய்விடும். திறக்காவிட்டால் செல் தின்று தின்று கொழுத்து, நுரைத்துப்போய், அந்தச் சுவரிலேயே உட்கார்ந்துவிடும். அப்படிச் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் மாரடைப்பு. அந்தக் கதவைத் திறக்கிற மருந்து ஒன்றை எங்கள் கூடத்தில் பல வருஷமாகப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். பட்டுக்கோட்டைக்கு அப்பால் கடலோரத்தில் ஒரு குடும்பம். அந்த வீட்டு ஆண்களுக்குக் கதவு பிறவியிலேயே பழுது. அப்பா நாற்பதில் போனார். மூத்த மகன் போன வருஷம் போனார், அவருக்கும் நாற்பதுதான். மிச்சம் இருப்பவர் இளையவர் கலியமூர்த்தி, விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், வயது முப்பத்தெட்டு. அவருடைய செல்லில் எங்கள் மருந்து வேலை செய்தால் அவரைச் சோதனையில் சேர்ப்பார்கள். செய்யாவிட்டால் இல்லை. ரத்தத்தை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. அதனால் மருந்தைச் சின்னப் புட்டியில் எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

திருச்சியில் இறங்கித் தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. மாசி மாதம் இதமாக இருக்கும் என்று சொன்ன புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. புதிய பேருந்து நிலையத்தில் பத்து ஓட்டுநர்கள் பத்துத் திசையில் ஹாரன் அடித்தார்கள். சாலையைக் கடக்க நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைகள் கூட்டமாகக் கடந்தபோது நடுவில் புகுந்து நானும் கடந்தேன்.

மறுநாள் காலை விடுதிக்குக் கீழே இட்லியும் கடப்பாவும் தின்றேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு வெள்ளையாக ஒரு குழம்பு. அந்த ஒரு காரியத்துக்காக இந்த ஊரை மன்னிக்கலாம் என்று தோன்றியது. எங்கள் ஊரில் இட்லியோடு தருகிற சாம்பாரை இவர்களிடம் காட்டினால் கேஸ் போடுவார்கள்.

இங்கே என்னோடு வேலை செய்ய இருந்தவர் தமிழரசி, பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். குடவாசல் பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டவர்கள். இப்போது அந்த வயலிலேயே கொஞ்சத்தை இவரே வாங்கியிருக்கிறார். என்னைப் பார்த்ததுமே "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் வணக்கம். செல் வளர்க்கும் அறையைக் காட்டினார். எங்கள் கூடத்தை விடச் சுத்தமாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

அன்றே கடலோரத்துக்குப் புறப்பட்டோம். தமிழரசிக்கு வகுப்பு இருந்ததால் நானும் காரோட்டி குமாரும் மட்டும். வழியெல்லாம் அறுவடை. சாலையில் பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதியில் எல்லாரும் போய்வந்தோம். ஓர் ஊரில் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே டிராக்டர்கள் வரிசையாக நின்றன, ஓரத்தில் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு.

"ஏன் இப்படி நிக்கிறாங்க? நெல்லை வாங்க மாட்டேங்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"வாங்குறாங்கம்மா. வாங்கின மூட்டைய ஏத்திட்டுப் போக லாரி வரலை. உள்ள எடம் இல்ல. அதான் வாங்குறதும் நின்னுபோச்சு" என்றார் குமார்.

கதவு திறக்காத செல்லைப் பற்றிச் சிங்கப்பூரில் நான் படம் போட்டு விளக்குகிற விஷயத்தைத்தான் இந்த மனுஷன் ஹாரன் அடித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

கலியமூர்த்தியின் வீடு கடலுக்குப் பக்கத்தில். ஓட்டு வீடு, வாசலில் நண்டு வலை, பக்கத்தில் மீன் கூடைகள். அவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருந்தேன்.

"ஒண்ணும் சாப்பிடலையே?"

"இல்லீங்க மேடம். ஒரு டீ, ரெண்டு பன்னு. அவ்வளவுதான்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நல்லவேளை, என் வேலைக்கு அது பெரிய கேடில்லை. ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன், அதுவும் என் வேலையில் பழகியதுதான். மனுஷன் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

"கல்யாணம் ஆகலையா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"எங்கங்க? பொண்ணு கேட்டுப் போனா, அந்த வீட்டு ஆம்பளைங்க நாப்பதத் தாண்டுறதில்லையேன்னு காபிகூடக் குடுக்காம அனுப்பிடுறாங்க. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் தைரியமாக் கேக்கலாம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கதவோரம் நின்றிருந்தார் அவருடைய அண்ணி விசாலாட்சி. போன வருஷம் இறந்துபோன மூத்தவரின் மனைவி. மீன் ஏலம் எடுத்துச் சந்தைக்கு அனுப்புகிற தொழில். "டாக்டரம்மா, தம்பிக்கு மருந்து எப்பக் குடுப்பீங்க?" என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை என்றேன். "சரிங்க டாக்டரம்மா" என்றார்.

ரத்தக் குழாய்களைத் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினால் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. பஞ்சர். மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. குமார் யாருடைய பைக்கிலோ சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு உள்ளே உட்கார வைத்து நண்டுக் குழம்பு ஊற்றினார்கள். அந்த நண்டைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம், ஆனால் அப்போது எனக்கு ருசி தெரியவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் அந்தச் செல்களைப் பிரித்தெடுத்தாக வேண்டும். சக்கரம் வந்ததும் குமார் பெட்டியைத் தூக்கி முன்னிருக்கையில் வைத்தார். நான் பின்னால் ஏறின மறுநிமிஷம் தூங்கிப்போனேன்.

தஞ்சாவூரில் பெட்டியைத் திறந்த தமிழரசி அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கழுத்து வரைக்கும் உடைத்த ஐஸ். நடுவில் ரத்தக் குழாய்கள். ஒரு குழாயில் மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த ரத்தத்தை ஐஸில் வைக்கவே கூடாது. வெறும் அறைச் சூட்டில்தான் வர வேண்டும். ஜில்லிட்டால் அந்தச் செல்கள் சரியாகப் பிரியாது, தட்டிலும் ஒட்டாது. ஒட்டாத செல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இருந்தாலும் முயன்றோம். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் செத்து மிதந்தன.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! சிங்கப்பூரிலிருந்து தலைவி பேசினார். "ஒரு பெட்டியைப் பார்த்துக்கொள்ள முடியவில்லையா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். அவர் கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. பயணத்தை இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக்க அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, விடுதி அறையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு பாடு அழுதேன். பிறகு கீழே போய் அசோகா அல்வா தின்றேன், விரலில் நெய் வழிய வழிய. மாரடைப்பு ஆராய்ச்சிக்காரி தின்னத் தகுந்த பண்டம்தான்.

அடுத்த முறை போனபோது கலியமூர்த்தி கடலில் இருந்தார். படகு காலையில் வந்துவிடும் என்றார்கள். மீன் இறங்கும் இடத்தில் ஒரு கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். விசாலாட்சி அங்கேதான் ஏலத்துக்கு நின்றார். நேராகப் போய்க் கேட்டேன்.

"பெட்டியில ஐஸ் போட்டது யாரு?"

"நாந்தான் டாக்டரம்மா. கார் வேற ரிப்பேரு. வெயில்ல ஒரு துண்டு ஐஸ் இல்லாம வெச்சிருந்தீங்க. மறந்துட்டீங்க போலன்னு..."

"என்னைக் கேட்டிருக்கலாமே! எல்லாம் பாழாப்போச்சு. அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து, எல்லாம் பாழ்!"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விசாலாட்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரர அப்படித்தானே கொண்டாந்தாங்க" என்றார். "நடுக்கடல்ல நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தவருதான். பிடிச்ச மீனையெல்லாம் கடல்ல கொட்டிட்டு, அந்த ஐஸுல அவர வெச்சுக் கொண்டாந்தாங்க. கரைக்கு வந்தப்ப மொகம் தூங்குற மாதிரி அப்படியே இருந்துச்சு. ஐஸ் இல்லன்னா நான் அந்த மொகத்தப் பாத்திருக்க முடியாது. தம்பி ரத்தமும் அப்படியே இருக்கும்னு நெனச்சிட்டேன்."

கத்தினதற்காக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவரை அதே கூடை மேல் உட்கார வைத்து, உயிரோடிருக்கிற செல்லுக்கும் மீனுக்கும் என்ன வித்தியாசம், அந்த வீட்டு ஆண்களுக்குத் திறக்காத கதவு எது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

படகு வந்தது. கலியமூர்த்தி களைத்துப்போய் இறங்கினார். இன்னொரு தடவை ரத்தம் என்றதும் முகம் மாறிவிட்டது.

"போதும் மேடம். போன தடவ குடுத்துட்டுப் போயி வலை இழுக்கவே முடியல. எனக்கு விதிச்சது விதிச்சபடி நடக்கட்டும். விட்டுருங்க."

"தம்பி, உக்காரு" என்றார் விசாலாட்சி.

"அண்ணி, நீங்க வேற..."

"உக்காருன்னு சொல்றேன்ல? கெடுத்தது நானு. இந்தத் தடவ நானே மடியில வெச்சுக் கொண்டுபோய்ச் சேக்குறேன். இன்னொருத்தரையும் ஐஸுல வாங்க என்னால முடியாதுப்பா."

கலியமூர்த்தி உட்கார்ந்துவிட்டார். கையை நீட்டும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

விசாலாட்சி சொன்னபடியே வந்தார். பின்னிருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். குமார் ஏசி போட்டதும் "தம்பி, அத நிறுத்துங்க, ஜில்லுன்னு வருது" என்றார். ஏசி ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. சன்னலைத் திறந்தோம். எனக்குத் தொப்பலாக வேர்த்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் கொள்முதல் நிலையம் வரும் வரைக்கும். போன தடவை வரிசையாக நின்ற டிராக்டர்கள் இப்போது சாலையையே அடைத்து நின்றன. ஒருவழியாக வந்த லாரி ஒன்று குறுக்கே திரும்பப் போய் மூட்டை அடுக்கில் இடித்திருக்கிறது. மூட்டைகள் சரிந்து பாதை மொத்தமாகப் போயிற்று. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். குமார் இறங்கிப் போய்ப் பேசிவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் ஆகும் என்கிறார்களாம். போச்சு, இந்தத் தடவையும் போச்சு என்று நான் இருக்கையில் சாய்ந்துவிட்டேன். உண்மையில் எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

விசாலாட்சி கதவைத் திறந்து, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார். ஏலத்தில் கூவுகிற குரல் அது, நாலு டிராக்டர் தாண்டிக் கேட்டது.

"யய்யா! வழி விடுங்கய்யா! உசுரு கொண்டுபோறோம்யா!"

நெல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். துண்டைத் தலையில் கட்டின ஒருவர் ஓடி வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே நான்தான் சாய்ந்து கிடந்தேன்.

"இந்த அம்மாவா பேஷண்ட்டு? நெஞ்சு வலியா?"

"அவங்க டாக்டரு. பேஷண்ட்டு இதோ" என்று விசாலாட்சி பெட்டியை உயர்த்திக் காட்டினார். "என் கொழுந்தன் ரத்தம். உள்ள உசுரோட இருக்கு. மத்தியானத்துக்குள்ள தஞ்சாவூர் போவலைன்னா செத்துப்போயிரும். இது செத்தா அவன் கதியும் என்னாவும்னு தெரியாது."

அவர் பெட்டியைப் பார்த்தார், விசாலாட்சியைப் பார்த்தார். என்ன புரிந்ததோ. திரும்பி, "டேய், மூட்டையப் புடிங்கடா! ரத்தம் போவுது, ரத்தம்!" என்று கத்தினார். நாள்கணக்காக அந்த நெல்லுக்குக் காவல் கிடந்த ஆட்கள், தங்கள் மூட்டைகளைத் தாங்களே தூக்கி வரப்பில் போட்டார்கள். ஒரு டிராக்டர் பின்னால் போய் வாய்க்கால் ஓரத்தில் ஒரு சக்கரம் இறங்கி நின்றது. அந்த இடுக்கில் குமார் காரை நுழைத்தார். பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று மூட்டையில் உரசி மடங்கியது. துண்டு கட்டினவர் கூடவே நடந்து வந்து, "போங்க, போங்க, நல்லபடியாப் போங்க" என்று காரின் கூரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரில் ஆம்புலன்சுக்கு ஒழுங்காக வழி விடுவார்கள். ஒரு தெர்மோகோல் பெட்டிக்கு விடுவார்களா என்று எனக்குத் தெரியாது.

மதியத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். தமிழரசி ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, குழாயின் நடுவில் மெல்லிய வெள்ளைப் படலமாக நின்ற செல்களை விசாலாட்சிக்குக் காட்டினார். "இவ்வளவுதானா?" என்றார் விசாலாட்சி. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏலப் பாக்கி வசூலிக்க வேண்டும் என்று பட்டுக்கோட்டை பஸ் ஏறப் போய்விட்டார். மறுநாள் பார்த்தபோது செல்கள் தட்டில் நன்றாக ஒட்டியிருந்தன. தமிழரசி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பிறகு காத்திருப்பு. அந்தச் செல்கள் முதிர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் தமிழரசி என்னைத் திருவிடைமருதூர் கோயிலுக்கு அழைத்துப் போனார். அந்தப் பெரிய பிராகாரத்தைச் சுற்றி முடிப்பதற்குள் என் முட்டி கழன்றுவிட்டது, சாமியிடம் என்ன வேண்டினேன் என்பதே நினைவில்லை. திரும்பும் வழியில் டவுன் பஸ் நின்றுபோய் இறங்கித் தள்ளினோம். நான் தள்ளவில்லை, தள்ளுகிறவர்களுக்குப் பக்கத்தில் நடந்தேன்.

செல்கள் முதிர்ந்ததும் கொலஸ்ட்ராலைத் தீனியாகப் போட்டோம். தின்றன. தின்று உப்பி, உள்ளே முழுக்க எண்ணெய்ச் சொட்டுகளாகிவிட்டன. பாதித் தட்டுகளில் மருந்து, பாதியில் வெறும் திரவம். எவ்வளவு கொலஸ்ட்ரால் வெளியே வந்திருக்கிறது என்று அளந்தோம். மருந்து இல்லாத தட்டில் ஏறக்குறைய ஒன்றுமே வெளியே வரவில்லை. மருந்து போட்ட தட்டில் வந்திருந்தது. சாதாரண ஆளுக்கு வருகிற அளவில் பாதிகூட இல்லை, ஆனால் வந்திருந்தது. நம்பாமல் மறுபடி செய்தோம். மறுபடியும் வந்தது.

தமிழரசி கணினியில் பழைய பதிவு ஒன்றைத் திறந்தார். "அக்கா, மூத்தவர் ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப எடுத்த ரத்தத்துல மரபணு பாத்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல ஒரே பழுதுதான்" என்றார். "அப்ப அவருக்கும் மருந்து கேட்டிருக்கும்."

"ஆமாம்" என்றேன்.

திருச்சி விமான நிலையத்திலிருந்துதான் விசாலாட்சிக்குப் போன் செய்தேன். பின்னால் ஏலச் சத்தம்.

"சொல்லுங்க டாக்டரம்மா."

"கதவு தொறக்குது விசாலாட்சி. முழுசா இல்ல, ஆனா தொறக்குது. கலியமூர்த்தியச் சேத்துக்குவாங்க. உடம்புக்குள்ள போயி எப்படி வேலை செய்யும்னு இனிமேத்தான் பாக்கணும், இப்பவே பெருசா நம்பிடாதீங்க. ஆனா சேத்துக்குவாங்க."

அந்தப் பக்கம் யாரையோ அதட்டிச் சத்தத்தை நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கவா? இதே மருந்து அப்பவே வந்திருந்தா, எங்க வீட்டுக்காரருக்கும் தொறந்திருக்குமா?"

என் வேலையில் பொய் சொல்லக் கூடாது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லித்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

"தெரியலம்மா" என்றேன். "அது ஆளுக்கு ஆள் மாறும்."

"நிசமாத் தெரியாதா?"

"தெரியாது."

"அது போதும்க்கா" என்றார் விசாலாட்சி. டாக்டரம்மா என்று சொல்லவில்லை. "தொறந்திருக்கும்னு நீங்க சொல்லியிருந்தா நான் எப்படிக்கா இருந்திருப்பேன்?"

பிறகு, தம்பி வலை பிரித்துக்கொண்டிருக்கிறான், அவனிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.